அரப் ஸ்திரீட்டும் வாப்பாவின் தொப்பிக் கட்டைகளும்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப தின நிகழ்ச்சியில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

ஒரு மாதத்துக்கு முன் செயலாளர் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார். "மாமா, உம்ராவுக்குப் போனபோது ஜித்தாவில் பழைய கடைவீதியைச் சுற்றிப் பார்த்ததாகச் சொன்னீர்களே, அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுங்கள். படம் இருந்தால் திரையில் போட்டுவிடலாம்" என்றார். நானும் சரியென்று சொல்லிவிட்டேன். பிறகு உட்கார்ந்து யோசித்தால், ஜித்தாவில் நான் இருந்தது மூன்று நாள். கடைவீதியில் நடந்தது ஒரு மாலைப்பொழுது. அதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினால் பாதிக்கு மேல் அங்கே சாப்பிட்ட கப்ஸா சோற்றைப் பற்றித்தான் இருக்கும்.

ஆனாலும் அந்த மாலைப்பொழுதில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு, பேருந்துக் கட்டணத்தில் போய்வரக்கூடிய வேறொரு கடைவீதிக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

ஜித்தாவின் பழைய நகரத்தை அல்-பலத் என்கிறார்கள். செங்கடலிலிருந்து எடுத்த பவளப் பாறைகளை அடுக்கிக் கட்டிய உயரமான வீடுகள். சன்னல்களுக்கு வெளியே மரத்தால் செய்த கூடுகள் தொங்கும். ரோஷன் என்று பெயர். காற்று உள்ளே வரும், வெயில் வராது. உள்ளே இருப்பவர் தெருவைப் பார்க்கலாம், தெருவில் போகிறவர் உள்ளே பார்க்க முடியாது. 2014-இல் யுனெஸ்கோ அந்த நகரத்தை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. அந்த வீடுகளுக்குக் கீழே சந்தை. தங்கம், துணி, பேரீச்சை, தஸ்பீஹ் மணி, வாசனைப் பொருள்கள். வாசனைக் கடை ஒன்றின் வாசலில் சாக்குப் பையில் ஏதோ பிசின் கட்டிகள் வைத்திருந்தார்கள். ஒரு கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தேன். வியாழன் மாலைகளில் என் உம்மா வீடு முழுக்கப் புகை போடுவார்களே, அதே மணம். நம் சாம்பிராணி! கடைக்காரரிடம் பெயர் கேட்டேன். "ஜாவி" என்றார். என்னைப் பார்த்து, நீ எந்த ஊர் என்று சைகையில் கேட்டார். சிங்கப்பூர் என்றேன். சிரித்துக்கொண்டே என் நெஞ்சைத் தொட்டு, "நீயும் ஜாவி" என்றார்.

அப்போது புரியவில்லை. ஊருக்கு வந்து விசாரித்த பிறகுதான் விளங்கியது. அரபியில் சாம்பிராணிக்கு லுபான் ஜாவி என்று பெயர். ஜாவாவின் குந்திரிக்கம் என்று பொருள் கொள்ளலாம். உண்மையில் அந்தப் பிசின் பெரும்பாலும் சுமத்ராவின் மரங்களிலிருந்து வருவது. மரப்பட்டையைக் கீறிவிட்டால் வடிந்து இறுகும். ஆனால் அரபிகளுக்கு அந்தக் காலத்தில் சுமத்ராவும் ஜாவாதான். 14-ஆம் நூற்றாண்டில் வந்த பயணி இப்னு பதூதாவும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். நம் பக்கத்துத் தீவுகளிலிருந்து யார் மக்காவுக்குப் போனாலும் அவர் ஜாவி. மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதினால் அந்த எழுத்தும் ஜாவி. அந்த லுபான் ஜாவி ஐரோப்பியர் வாயில் நுழைந்து பென்சாயின் ஆயிற்று. காயத்துக்குப் போடும் டிங்சர் பென்சாயின் பாட்டிலைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அதற்குள் இருப்பதும் இதே பிசின்தான்.

அகிலும் அப்படியே. நாம் அகில் என்கிறோம், மலாய்க்காரர்கள் காஹாரு என்கிறார்கள், அரபிகள் ஊது என்கிறார்கள். மரம் நன்றாக இருந்தால் வாசனை கிடையாது. காயம்பட்டு, பூசணம் பிடித்து, அதை எதிர்த்து மரம் உள்ளுக்குள் பிசின் சுரந்தால்தான் அந்தக் கட்டைக்கு விலை. இந்தத் தீவுகளின் காட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து, இங்கே தரம் பிரித்து, அரபு நகரங்களின் சந்தைக்குக் கப்பலேறிய சரக்கு இது. ஆக, ஜித்தா கடைவீதியைப் பார்க்கப் போன நான் அங்கே பார்த்தது நம் கடைவீதியிலிருந்து போன சாமானைத்தான். எனவே செயலாளர் தம்பி மன்னிக்க வேண்டும். நான் பேசப்போவது அரப் ஸ்திரீட்டைப் பற்றி.

இந்த மண்டபத்தை விட்டு இறங்கி, டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கபூர் பள்ளிவாசலைத் தாண்டி, ஜாலான் புசாரைக் கடந்து, ரோச்சோர் கால்வாய்க்கு அந்தப் பக்கம் போனால் வந்துவிடும். என் நடைக்கு அரை மணி நேரம், உங்கள் நடைக்கு அதில் பாதி. போகிற வழியில் அப்துல் கபூர் பள்ளியின் முகப்பை ஒருமுறை தலைநிமிர்ந்து பாருங்கள். சூரியன் போன்ற ஒரு வட்டம், அதில் 25 கதிர்கள், ஒவ்வொரு கதிரிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தில். 1907-இல் கட்டத் தொடங்கிய பள்ளி அது. ஐம்பது ஆண்டுகள் அதன் கீழே நடந்துபோய்விட்டு, அந்தக் கதிர்களை நான் எண்ணிப் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

கம்போங் கிளாமின் தெருப்பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பாக்தாத் ஸ்திரீட், மஸ்கட் ஸ்திரீட், புஸ்ஸோரா ஸ்திரீட். புஸ்ஸோரா என்பது வேறொன்றும் இல்லை, ஈராக்கின் பஸ்ராதான். நடுவிலே கந்தஹார் ஸ்திரீட் ஒன்றும் இருக்கிறது. கந்தஹார் அரபு ஊர் இல்லை, ஆப்கானிஸ்தானில் இருக்கிறது. பெயர் வைத்த அதிகாரிக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரிந்திருக்காது. மஸ்கட் ஸ்திரீட்டில் இப்போது நீங்கள் பார்க்கும் கல் வளைவுகள் பழையவை அல்ல. ஓமான் நாட்டோடு சேர்ந்து 2012-இல் வைத்தவை. சுற்றுலாப் பயணிகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, நூறு வருடத்துப் பழைய வளைவு என்று எழுதிப் போடுகிறார்கள். போகட்டும்.

ஆனால் அரப் ஸ்திரீட்டுக்கு நம்மவர்கள் வைத்திருந்த பெயர் அரபுப் பெயர் அல்ல. பூக்கடைச் சடக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். சடக்கு என்றால் சாலை. இந்தச் சொல்லை இப்போது என் வயதுக்காரர்களைத் தவிர யாரும் சொல்வதில்லை. பூ விற்றவர்கள் இருந்ததால் பூக்கடைச் சடக்கு. சீனர்கள் அதே தெருவை ஜாவாக்காரர் தெரு என்றார்கள். ஒரே தெரு, மூன்று பெயர். அவரவருக்கு அங்கே யாரிடம் வேலை இருந்ததோ அந்தப் பெயர்.

1822-இல் ராஃபிள்ஸ் நகரத்துக்குத் திட்டம் போட்டபோது கம்போங் கிளாமை சுல்தான் ஹுசைனுக்கு ஒதுக்கினார். அதற்குப் பக்கத்தில் அரபிகளுக்கு இடம். சூலியாக்கள் என்று அவர்கள் அழைத்த நமக்கு, சிங்கப்பூர் ஆற்றுப் பக்கம் இடம். வரைபடத்தில் அப்படி. வியாபாரம் வரைபடத்தைப் பார்த்து நடப்பதில்லை. துணி எடுத்துக்கொண்டு நம்மவர்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். மலாய் மொழியில் கடைக்குக் கெடாய் என்கிறார்கள், முதலுக்கு மோடால், பெட்டிக்குப் பெத்தி, கப்பலுக்குக் காப்பால். கடையும் முதலும் பெட்டியும் கப்பலும் யாருடைய சொற்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சுல்தான் பள்ளிவாசலுக்கு 1914-இல் புதிய அறங்காவலர் குழு அமைத்தபோது, மலாய்க்காரர், ஜாவாக்காரர், பூகிஸ்காரர், அரபிகள், வட இந்தியர், தமிழர் என்று ஆறு சமூகத்துக்கும் தலா இரண்டு இடம் கொடுத்தார்கள். பன்னிரண்டு பேரில் இருவர் தமிழ் முஸ்லிம்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நம் பிள்ளைகளில் சிலர் கம்போங் கிளாம் என்றால் ஏதோ அடுத்தவர் வீட்டு முற்றம் போல ஓரமாக நின்று பார்க்கிறார்கள். அதற்காகச் சொல்கிறேன்.

இப்போது இருக்கும் பள்ளிவாசல் டெனிஸ் சான்ட்ரி என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. 1932-இல் கட்டி முடித்தார்கள். தங்க நிறக் குவிமாடத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை தெரியும். அருகில் போய்ப் பார்த்தால் அவை கண்ணாடிப் பாட்டில்களின் அடிப்பாகங்கள். பணம் கொடுக்க வசதியில்லாத ஏழைகளும் கட்டடத்தில் பங்கு பெறட்டும் என்று பாட்டில்களைச் சேகரித்து வைத்திருக்கிறார்கள். என் வாப்பாவின் வாப்பாவும் ஒரு பாட்டில் கொடுத்ததாக எங்கள் வீட்டில் சொல்வார்கள். அவர் சிங்கப்பூருக்கு வந்த ஆண்டைக் கணக்குப் போட்டால் அது ஒத்துவரவில்லை. ஆனாலும் வீட்டில் யாரும் அதைத் திருத்துவதில்லை.

அந்தப் பாட்டனார் கடையநல்லூரில் நெசவாளி. குழித்தறியில் உட்கார்ந்து கால் மாற்றி மிதித்து, நாடாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குத் தள்ளியவர். நூல் கிடைக்காமல், நெய்த துணிக்கு விலை கிடைக்காமல் கப்பலேறியவர்களில் அவரும் ஒருவர். நம் ஊர்க்காரர்கள் தஞ்சோங் பகாரில் குடியேறினார்கள். மற்ற ஊர்க்காரர்கள் ஆண்கள் மட்டும் வந்த காலத்தில் கடையநல்லூர்க்காரர்கள் பெண்களையும் அழைத்து வந்தார்கள். 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியதும் அவர்கள்தான், நானும் அங்கே படித்தவன். ஆனால் ஒன்று. தறியை யாரும் கொண்டுவரவில்லை. எங்கள் பாட்டனார் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நெசவு எங்கள் வீட்டில் அவரோடு முடிந்தது. அவர் நெய்த துணியில் ஒரு முழம்கூட எங்களிடம் இல்லை.

அரப் ஸ்திரீட் கடைகளில் மலாய்க்காரர்கள் கேட்டு வாங்கும் கைலிக்கு கயின் பெலேகாட் என்று பெயர். பெலேகாட் என்பது பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே இருக்கும் அந்தச் சின்னத் துறைமுகத்திலிருந்து ஒரு காலத்தில் கட்டம்போட்ட துணி இங்கே வந்துகொண்டிருந்தது. பழவேற்காட்டிலிருந்து துணி வருவது நின்று எவ்வளவோ காலமாயிற்று, பெயர் மட்டும் நிற்கிறது. எங்கள் பாட்டனார் துறைமுக வேலை முடிந்து வாரத்தில் ஒரு நாள் வாப்பாவைப் பார்க்கக் கடைக்கு வருவார். வந்தவர் அடுக்கி வைத்திருக்கும் கைலியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். பிடித்திருந்தால் மட்டும் "ம்" என்பார். அந்த "ம்" கிடைத்த கைலியைத்தான் வாப்பா பெருநாளைக்கு எடுப்பார்.

வாப்பா 1950-களில் ஒரு துணிக்கடையில் கடைப் பையனாகச் சேர்ந்தார். தஞ்சோங் பகாரிலிருந்து சைக்கிளில் வருவார். கெஜக்கோலால் துணி அளப்பது, மடிப்பது, பாயில் உட்கார்ந்து "போலே குராங்?" என்று விலை குறைக்கச் சொல்லும் மலாய்ப் பெண்களுக்குச் சிரித்த முகமாகப் பதில் சொல்வது. அந்தக் காலத்தில் புஸ்ஸோரா ஸ்திரீட் முழுவதும் ஹாஜிகள் தங்கும் வீடுகள். இந்தோனேசியாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்து, கப்பலுக்காக வாரக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். அவர்களுக்கு இஹ்ராம் துணி, தண்ணீர்க் குடுவை, பெட்டி, இடுப்பில் கட்டும் பணப்பை, எல்லாம் அங்கேயே விற்பனை. பயணச் செலவு போதாமல் சிங்கப்பூரிலேயே வேலை செய்து தங்கிவிட்டவர்களும் உண்டு. மக்காவைப் பார்க்காமலே ஊர் திரும்பியவர்களை ஹாஜி சிங்கப்பூரா என்று கேலி பேசுவார்கள். சிரிக்காதீர்கள். அந்தக் கேலியைத் தாங்கிக்கொண்டு ஊருக்குப் போன மனிதரை நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும்.

கப்பல் பயணம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1880-ஆம் ஆண்டு ஜூலையில் ஜித்தா என்ற பெயருடைய கப்பல் ஆயிரத்துக்குச் சற்றே குறைவான பயணிகளோடு சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டது. ஏடன் வளைகுடாவை நெருங்கும்போது கொதிகலன் ஆட்டம் கண்டு, தண்ணீர் ஏறத் தொடங்கியது. கேப்டனும் அதிகாரிகளும் படகில் ஏறிப் போய்விட்டார்கள். ஏடனில் இறங்கி, கப்பல் மூழ்கிவிட்டது, எல்லோரும் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். மறுநாள் அந்தக் கப்பல் வந்து சேர்ந்தது! பயணிகள் தாங்களே தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்க, வேறொரு கப்பல் கட்டி இழுத்து வந்திருந்தது. ஜோசப் கான்ராட் இதை வைத்துத்தான் லார்டு ஜிம் என்ற நாவலை எழுதினார். ஓடிப்போன அதிகாரியின் மனவேதனைதான் அந்த நாவல். தண்ணீர் இறைத்தவர்களைப் பற்றி யாராவது ஒருவர் எழுதினால் நான் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

ஹாஜிகள் கட்டாயம் வாங்கும் இன்னொரு பொருள் சொங்கோக் தொப்பி. கடைக்கு வெளியே ஐந்தடியில் ஒரு மலாய்ப் பெரியவர் தையல் எந்திரம் போட்டு உட்கார்ந்திருப்பார். பாக் சிக் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மத்தியான நேரத்தில் கடையில் கூட்டம் இருக்காது. வாப்பா அவருக்கு எடுபிடி வேலை செய்யத் தொடங்கி, ஐந்தாறு வருடத்தில் தொழிலையே கற்றுக்கொண்டார். பாக் சிக் மூத்திருந்துவிட்ட பிறகு அந்த எந்திரமும் அந்த ஐந்தடி மூலையும் வாப்பாவிடம் வந்தன.

சொங்கோக் தைப்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். முதலில் காதுக்கு மேலே டேப் வைத்துத் தலையை அளக்க வேண்டும். அங்குலக் கணக்கு. பெரியவர்களுக்கு 21-லிருந்து 23 வரை போகும். அரை அங்குலம் தவறினால் ருக்கூவுக்குக் குனியும்போது தொப்பி முன்னால் விழும், அல்லது நெற்றியில் சிவப்புக் கோடு விழும். அடுத்தது உள் சட்டம். சாட்டின் துணிக்கும் காடாத் துணிக்கும் நடுவில் தாளை அடுக்கி வைத்து, சாய்கோடாக, நெருக்க நெருக்கமாக எந்திரத்தில் ஓட்ட வேண்டும். அந்தத் தையல்தான் தொப்பியின் எலும்பு. அதற்கு மேலே வெல்வெட். வெல்வெட்டின் முடி ஒரு பக்கமாகப் படிந்திருக்கும். சுவர்த் துண்டையும் மேல் துண்டையும் அந்தப் போக்குப் பார்த்து வெட்டாவிட்டால், வெளிச்சத்தில் ஒரு தொப்பி இரண்டு நிறமாகத் தெரியும். எல்லாவற்றையும் உட்புறமாக வைத்துத் தைத்து, பிறகு வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும். கட்டை விரலைக் கொடுத்து மூலை மூலையாக அழுத்தித் திருப்புவார் வாப்பா. கடைசியில் முட்டை வடிவ மரக்கட்டையில் மாட்டி ஓர் இரவு வைத்துவிடுவார். காலையில் எடுத்தால் நிமிர்ந்து நிற்கும்.

அளவுக்கு ஒன்றாக அவரிடம் பதினோரு கட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் அங்குலத்தைத் தமிழ் எண்ணில் செதுக்கியிருந்தார். அவருடைய வாப்பா தறிக் கணக்கு எழுதிய எண்கள் அவை. எங்கள் வீட்டில் அந்த எண்களை எழுதிய கடைசி ஆள் அவர்தான்.

பக்கத்தில் என்னென்ன தொழில்கள்! பிரம்பு பின்னுகிறவர்கள், செம்பு தட்டுகிறவர்கள், மோதிரக்கல் விற்கிறவர்கள். சற்றுத் தள்ளி கல் கொத்தும் சீனர்கள் மீஸான் கல் செதுக்குவார்கள். அவர்களுக்கு ஜாவி படிக்கத் தெரியாது. தாளில் உஸ்தாத் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, புள்ளி ஒன்றுகூடக் குறையாமல் கல்லில் இறக்குவார்கள். என் உம்மாவின் மீஸான் கல்லை அப்படி ஒருவர்தான் கொத்தினார். கொத்தி முடித்துவிட்டு, "சரியா இருக்கா, உன் அம்மா பேரு எது?" என்று என்னிடம் கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். அந்த வரியை மட்டும் துணியால் இன்னொரு தடவை துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

இனி நான் சொல்வது என் மனைவிக்கும் தம்பிகளுக்கும் தெரிந்தது. மேடையில் சொன்னதில்லை.

1971-ஆம் ஆண்டு ரமலான். எனக்கு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை. பெருநாளுக்கு முந்தின பத்து நாளில்தான் தொப்பித் தொழிலில் பணம் வரும். வாப்பாவுக்கு அந்த வருடம் கண்ணில் பிரச்சினை. ஊசித் துளை தெரியவில்லை. "ராத்திரியில மட்டும் வந்து உள்சட்டம் ஓட்டிக் கொடு வாப்பா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று கேட்டார். மகனை வாப்பா என்று கூப்பிடும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நான், "ஐந்தடியில உட்கார்ந்தா ஆபீஸ்ல யாராவது பாத்துடுவாங்க" என்றேன். வாயில் வந்தது அப்படியே. அவர் கோபப்படவில்லை. "சரி வாப்பா" என்றார். அந்தப் பெருநாளைக்கு எடுத்த வேலையில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். என் தொப்பி மட்டும் தைத்து அலமாரியில் இருந்தது.

ஹஜ் பயணம் விமானத்துக்கு மாறியது. புஸ்ஸோரா ஸ்திரீட்டில் ஹாஜிகள் தங்குவது நின்றது. குடியிருந்தவர்கள் வீவக வீடுகளுக்குப் போனார்கள். ஆலையில் செய்த தொப்பி பாதி விலைக்கு வந்தது. 1989-இல் கம்போங் கிளாமைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். கட்டடங்கள் பிழைத்தன. அதற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன், இல்லாவிட்டால் இன்று அங்கே அடுக்குமாடிகள் நிற்கும். ஆனால் சுவருக்குப் பாதுகாப்பு கிடைத்ததே தவிர, சுவருக்குள் இருந்த தொழிலுக்குக் கிடைக்கவில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் 2001-இல் எடுத்துவிட்டார்கள். நல்லவேளை, அதைப் பார்க்க வாப்பா இல்லை. 1994-இல் மௌத்தாகிவிட்டார்.

வீட்டைக் காலி செய்யும்போது காராங் குனிக்காரர் வந்தார். பழைய செய்தித்தாள், மின்விசிறி, தையல் எந்திரம், அந்தப் பதினோரு கட்டைகள். எல்லாம் சேர்த்து எட்டு வெள்ளி கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். எந்திரம் கனமாக இருக்கிறதே என்று மின்தூக்கி வரை ஒரு கை பிடித்தும் கொடுத்தேன்.

2016-இல் என் பேத்தியோடு கம்போங் கிளாமில் முர்தபா சாப்பிடப் போயிருந்தேன். முர்தபா என்பது முத்தப்பக் என்ற அரபுச் சொல், மடித்தது என்று பொருள் என்றெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவள் பழம்பொருள் கடை ஒன்றின் சன்னலில் நின்றுவிட்டாள். "தாத்தா, இது என்ன எழுத்து? தமிழ் 'உ' மாதிரி இருக்கு, ரெண்டு 'உ'" என்றாள். பார்த்தேன். மேசை விளக்குக்குப் பக்கத்தில் அழகுக்காகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அடிப்பாகம் மேலே தெரிந்தது. ௨௨. இருபத்திரண்டு அங்குலம். வாப்பாவின் கட்டை.

கடைக்காரப் பெண் நல்ல பிள்ளை. இது ரொட்டி அச்சாக இருக்கலாம் என்று விளக்கினார். 120 வெள்ளி. நான் ஒரு வார்த்தையும் பேசாமல் கொடுத்துவிட்டேன். "போலே குராங்" கேட்க வாய் வரவில்லை. மற்றப் பத்துக் கட்டைகள் எங்கே என்று இன்றுவரை தெரியாது. பழம்பொருள் கடைகளுக்குப் போகும் பழக்கம் உள்ளவர்கள் அடியைத் திருப்பிப் பாருங்கள்.

என் பேத்தி இப்போது பலதொழில் கல்லூரியில் வடிவமைப்பு படிக்கிறாள். போன வருடம், வாப்பா எனக்குத் தைத்த பழைய தொப்பிகளில் கிழிந்துபோன ஒன்றைக் கேட்டாள். தையலைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். எனக்கு மனமில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கொடுத்தேன். பிரித்தபோது உள்சட்டத்துக்குள் தமிழ் முரசின் துண்டு ஒன்று இருந்தது. ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் புறப்படும் விளம்பரம். பாதித் தேதி தையலுக்கு அடியில் போய்விட்டது. ஊருக்குப் போகும் கப்பலை இத்தனை வருடம் தலையில் வைத்துக்கொண்டு நான் அலுவலகம் போய்வந்திருக்கிறேன்.

அவள் மூன்று தொப்பி தைத்துவிட்டாள். முதல் தொப்பி சரிந்து நின்றது. இரண்டாவதில் வெல்வெட் இரண்டு நிறமாகத் தெரிந்தது. மூன்றாவது பரவாயில்லை, உயரம் மட்டும் கால் அங்குலம் கூடிவிட்டது. இப்போது நான் போட்டிருப்பது அதுதான். முன்வரிசையில் இருப்பவர்கள் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தது உங்கள் பெருந்தன்மை.

இந்தத் தொழிலை வைத்துப் பிழைக்க முடியுமா என்று அவளுடைய உம்மா, அதாவது என் மகள், கேட்கிறாள். முடியாது. ஒரு தொப்பிக்கு அவளுக்கு இரண்டு நாள் ஆகிறது. இங்கே ஒரு கடை வாடகைக்கு அது காணாது. பாரம்பரியம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் பயம். அந்தச் சொல்லைச் சொன்னவுடன் எல்லோரும் கைதட்டுவார்கள், தொப்பியை யாரும் வாங்கமாட்டார்கள். பொன்விழாக் கண்காட்சிக்கு அந்தக் கட்டையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாமா என்று செயலவை கேட்டது. வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பெட்டிக்குப் பூட்டுப் போடாதீர்கள், அவளுக்கு வேலை வரும்போது எடுத்துக்கொண்டு போவாள் என்று சொல்லியிருக்கிறேன். இருப்பது ஒரே கட்டை, 22 அங்குலம். ஆகவே 22 அங்குலத் தலை உள்ளவர்களுக்குத்தான் இப்போதைக்கு யோகம்.

நேரம் ஆகிவிட்டது, சாப்பாடும் வந்துவிட்டது என்று சமையல் குழுவினர் சைகை காட்டுகிறார்கள். வரும் சனிக்கிழமை அஸர் தொழுகை முடிந்து, சுல்தான் பள்ளிக்கு எதிரே புஸ்ஸோரா ஸ்திரீட் முனையில் நிற்பேன். நடக்க விரும்புகிறவர்கள் வரலாம். பள்ளியின் பாட்டில்களிலிருந்து தொடங்கி, அத்தர் கடைகள், துணிக்கடைகள், வாப்பா உட்கார்ந்திருந்த ஐந்தடி மூலை வரை போவோம். அந்த மூலையில் இப்போது காப்பிக் கடையின் நாற்காலி இருக்கிறது. அதில் உட்கார வேண்டுமென்றால் காப்பி வாங்க வேண்டும். வீட்டில் யாருடைய பழைய தொப்பியாவது கிழிந்து கிடந்தால் எறிந்துவிடாமல் கொண்டுவாருங்கள். அளவெடுக்கப் பேத்தி டேப்போடு வருவாள். மழை வந்தால் கவலையில்லை, ஐந்தடிக்குள்ளேயே நடந்துவிடலாம்.

வஸ்ஸலாம்.